வீட்டை அளக்கிறாங்க... உள்ளே இருக்கிற ஆச்சியைப் பார்க்கிறாங்களா? முதியோர் வீட்டுத் தீர்வை: ஒரு அலசல்

நெல்லை:

வயசு எழுபதைத் தாண்டியாச்சு. சம்பாத்தியம் கிடையாது. கையில் வருவது முதியோர் உதவித்தொகை மட்டும். ஆனா தலைக்கு மேலே சொந்தக் கூரை இருக்கு. அந்தக் கூரைக்கு வருசா வருசம் தீர்வை கட்டியாகணும்.

நெல்லை மாவட்டத்தில் பாளையங்கோட்டை யூனியன் சீவலப்பேரியில் இருந்து நெல்லை டவுன் வரைக்கும் பல வீடுகளில் இதுதான் நிலவரம். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா நாடு என்று பிழைப்பு தேடிப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது வயதானவர்கள்தான். தீர்வை கேட்டு வரும்போது மடியை அவிழ்ப்பதும் அவர்கள்தான்.

வயதான, வருமானம் இல்லாத வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு தமிழ்நாட்டில் தீர்வை சலுகை உண்டா? நேரடியான பதில்: இல்லை. சின்ன வீட்டுக்கு குறைந்த உயர்வு உண்டு. சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டு. முன்னாள் படைவீரர்களில் சில பிரிவினருக்கு கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. வயதையும் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்து தீர்வையைக் குறைக்கும் பொது விதி மட்டும் கிடையாது.

ஏன் இல்லை? கொண்டு வந்தால் யாருக்கு நஷ்டம்? மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? பார்ப்போம்.

*சீவலப்பேரியில் என்ன கணக்கு?*

தாமிரபரணியும் சிற்றாறும் சேருகிற ஊர் சீவலப்பேரி. சுடலைமாடன் கோவிலுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து போகும் ஊர். ஆற்றில் இருந்து கோவில்பட்டிக்கு குடிதண்ணீர் போகிற ஊர். ஆட்சி முறையில் இது கிராம ஊராட்சி.

ஊராட்சியில் வீட்டு வரி போடுவது 1994-ம் வருட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி. கூரை வீடா, ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா, எத்தனை சதுர அடி என்று பார்த்து வரி போடுகிறார்கள். அதோடு நூலக வரி என்று ரூபாய்க்கு 10 காசு சேரும்.

கிராமத்தில் இந்தத் தொகை பெரிசு இல்லை. நகரத்தோடு ஒப்பிட்டால் சில்லறைதான். அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம்.

பிரச்சினை தொகையில் இல்லை, பாக்கியில் இருக்கிறது. ஒரு வருசம் முடியலை, அடுத்த வருசமும் முடியலை என்று விட்டால் பாக்கி சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் காரியத்துக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் முதல் கேள்வி, ‘‘தீர்வை ரசீது இருக்கா?’’ என்பதுதான். குடிதண்ணீர் இணைப்பு வேண்டுமா, கரண்டு இணைப்பில் பெயர் மாற்றணுமா, எல்லாத்துக்கும் அந்த ரசீதைத்தான் கேட்கிறார்கள்.

இதில் அதிகம் மாட்டுவது கணவனை இழந்த பெண்கள். ரசீது தாத்தா பேரில் இருக்கும். தாத்தா போய் பத்து வருசம் ஆகியிருக்கும். பேர் மாற்ற வாரிசு சான்றிதழ் வேணும். அதற்கு தாலுகா ஆபீஸ் நடக்கணும், பிள்ளைகள் எல்லாரின் விவரமும் வேணும். ஒரு பிள்ளை வெளிநாட்டில், ஒரு பிள்ளை பேச்சுவார்த்தையில் இல்லை என்றால் காரியம் அங்கேயே நின்றுவிடும். ஆக, சில நூறு ரூபாய் பாக்கிதான் ஆச்சிக்கு சொந்த வீட்டில் உள்ள பாத்தியதையைச் சந்தேகத்தில் நிறுத்திவிடுகிறது.

*நகரத்தில் கதையே வேறு*

ஊராட்சி எல்லையைத் தாண்டி மாநகராட்சிக்குள் வந்தால் கணக்கு மாறிவிடும்.

தமிழ்நாட்டில் 2018 ஜூலையில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு 2022 ஏப்ரலில் மறுபடியும் உயர்வு அறிவிப்பு வந்தது. நெல்லை மாநகராட்சியும் அதில் அடக்கம். சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்குப் போட்ட உயர்வு இது:

600 சதுர அடிக்குள் - 25 சதவீதம்

601 முதல் 1,200 சதுர அடி - 50 சதவீதம்

1,201 முதல் 1,800 சதுர அடி - 75 சதவீதம்

1,800 சதுர அடிக்கு மேல் - 100 சதவீதம்

உயர்த்தியதற்கு அரசு சொன்ன முக்கிய காரணம் 15-வது நிதிக்குழு. சொத்து வரியை காலத்துக்குத் தகுந்தபடி உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் என்று நிபந்தனை இருந்தது. கொரோனா பாதிப்பில் இருந்து பொருளாதாரம் மீளும் வரை சொத்து வரியை உயர்த்த மாட்டோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொல்லியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி எதிர்க்கட்சியான அ.தி.மு.க. போராட்டம் நடத்தியது.

அதோடு முடியவில்லை. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. வருசம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரி ஏறும் முறை வந்தது. 2024-ல் சென்னை மாநகராட்சி 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது.

*சதுர அடியில் ஒளிந்திருக்கும் ஓட்டை*

சின்ன வீட்டுக்கு குறைந்த உயர்வு, பெரிய வீட்டுக்கு கூடுதல் உயர்வு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஏழை சின்ன வீட்டில் இருப்பார், பணக்காரர் பெரிய வீட்டில் இருப்பார் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு.

நெல்லைப் பக்கத்து பழைய வீடுகளை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கணக்கு வயதானவர்கள் விஷயத்தில் பொருந்தாது. டவுனிலும் பாளையிலும் அந்தக் காலத்தில் கட்டின வீடுகள் தெருவில் பார்த்தால் ஒடுக்கம், உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீளம். கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டியது. பத்துப் பேர் இருந்த வீட்டில் இன்றைக்கு ஒரு ஆச்சி மட்டும் இருப்பார். பின்கட்டு ஓடு சரிந்து கிடக்கும். அந்த அறையைப் பூட்டியே வைத்திருப்பார்.

அளவு நாடாவுக்கு அது தெரியாது. 900 சதுர அடி என்றால் 900 சதுர அடிதான். அதே தெருவில் புதிதாக 580 சதுர அடியில் வீடு வாங்கியவருக்கு நல்ல சம்பளம் இருக்கலாம். அவருக்கு உயர்வு 25 சதவீதம். உதவித்தொகையில் வாழும் ஆச்சிக்கு 50 சதவீதம். சலுகை போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்த் திசையில் போய்விடுகிறது.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி முன்பு ரூ.900 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் உயர்ந்தால் ரூ.1,350. வருசத்துக்கு ரூ.2,700. அதன் மேல் ஒரே ஒரு தடவை 6 சதவீதம் ஏறினால் ரூ.2,862.

முதியோர் உதவித்தொகை 2011-ல் மாதம் ரூ.1,000 ஆனது. அடுத்த உயர்வுக்கு 12 வருசம் ஆச்சு. 2023-ல்தான் ரூ.1,200 ஆனது. அந்த ரூ.1,200-ஐ வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன வரி, இரண்டு மாத உதவித்தொகையை முழுங்கிவிட்டு மூன்றாவது மாதத்திலும் கை வைக்கிறது. வரி வருசா வருசம் ஏறும். உதவித்தொகை எப்போதாவது ஏறும். இந்த இடைவெளிதான் வயதானவர்களின் வயிற்றில் அடிக்கிறது.

சீக்கிரம் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி இருக்கிறதே என்று சொல்லலாம். உண்மைதான். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டுகிறவர்களுக்கு அது உண்டு, அதிகபட்சம் ரூ.5,000 வரை. ஆனா கையில் பணம் இருக்கிறவர்தானே முதல் மாதமே கட்ட முடியும்? இல்லாதவர் தாமதமாகக் கட்டுவார். அவருக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. இருக்கிறவனுக்கு தள்ளுபடி, இல்லாதவனுக்கு வட்டி!

*ஊராட்சியில் இருந்தால் தப்பிக்கலாமா?*

இது டவுன்காரர்கள் பிரச்சினை, சீவலப்பேரிக்கு என்ன என்று இருந்துவிட முடியாது.

2024 டிசம்பர் கடைசியில் தமிழக அரசு ஒரு பெரிய அறிவிப்பு வெளியிட்டது. மாநிலம் முழுவதும் 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்க, சுற்றியுள்ள ஊராட்சிகளை அவற்றோடு சேர்க்கும் திட்டம் அது. உடனே பல மாவட்டங்களில் கிராமத்து ஜனங்கள் கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு போனார்கள். அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, நூறு நாள் வேலை போய்விடும். இன்னொன்று, வீட்டு வரி ஏறிவிடும்.

இந்த இரண்டும் சேர்ந்து விழுவது வயதானவர்கள் மேல்தான். ஊரக வேலைத் திட்டத்தில் வெயிலில் நிற்பவர்களில் வயதான பெண்கள் எத்தனை பேர் என்று எந்த ஊர்க் கண்மாய்க்கரையில் போய்ப் பார்த்தாலும் தெரியும். ஊர் நகரத்தோடு சேர்ந்தால் அந்தக் கூலி நிற்கும். அதே நேரம் தீர்வை ஏறும். வரவு குறைந்து செலவு கூடும்.

பாளையங்கோட்டையில் சீவலப்பேரி ரோடு என்றே ஒரு ரோடு இருக்கிறது. நகரம் அந்த ரோட்டு வழியாக வெளியே வளர்ந்துகொண்டு இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது எல்லைக்கோடு நகரும். அன்றைக்கு வயதானவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று இப்போதே கேட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

*மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?*

பக்கத்து மாநிலம் கேரளாவையே பார்க்கலாம். 2023-ல் அங்கேயும் வீட்டு வரியை வருசம் 5 சதவீதம் ஏறும்படி செய்தார்கள். ஆனா அதே நேரத்தில் 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 645 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு வரியே வேண்டாம் என்றார்கள். ஒருவருக்கு ஒரு வீடு, அவரே குடியிருக்கணும் என்பது நிபந்தனை. செங்கோட்டையைத் தாண்டினால் இந்தச் சட்டம்!

மும்பையில் 500 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு வரி ரத்து என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். ஐதராபாத்தில் வருசம் ரூ.1,200 வரை வரி வந்த சின்ன வீடுகளுக்கு, பேருக்கு ரூ.101 கட்டினால் போதும் என்று 2015-ல் செய்தார்கள்.

வயதை நேரடியாகப் பார்க்கும் ஊர் டெல்லி. அங்கே மாநகராட்சியில் மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதம் சலுகை கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1964-லேயே ஒரு வழி கண்டுபிடித்தது. வருமானத்தில் இத்தனை பங்குக்கு மேல் வரி போனால், மிச்சத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். கரண்டு அதிகமாக வந்தால் பியூஸ் போய் வீட்டைக் காப்பாற்றுகிற மாதிரி.

கலிபோர்னியாவில் 1978-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வீட்டு வரிக்குக் கடிவாளம் போட்டார்கள். வரி கட்ட முடியாமல் வயதானவர்கள் வீட்டை விற்கிறார்கள் என்பதுதான் அன்றைய முழக்கம். ஆனா வயது, வருமானம் எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் சலுகை கொடுத்ததால் பெரிய கம்பெனிகளும் பணக்காரர்களும் சேர்ந்து லாபம் அடைந்தார்கள். சலுகையை யாருக்கு என்று குறி வைத்துக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைக் கடந்தவர்கள் வரியை இப்போது கட்டாமல் தள்ளி வைக்கலாம். வீட்டின் மேல் கடனாக நிற்கும். வீட்டை விற்கும்போது கழித்துக்கொள்வார்கள். இது நம்ம ஊருக்கு ஒத்துவராது. பத்திரமே சரியாக இல்லாத வீடுகள் இங்கே ஏராளம். ‘‘ஆச்சி வீட்டு மேல கடன் இருக்கு’’ என்று தெரிந்தால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். இங்கே தேவை தள்ளிவைப்பு இல்லை, தள்ளுபடி.

*யாருக்குக் கொடுப்பது? பட்டியல் தயாராக இருக்கு!*

சலுகை என்றதும் அதிகாரிகள் தரப்பில் வரும் முதல் கேள்வி, யார் ஏழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். வருமான சான்றிதழ் கொண்டா என்றால் தரகர்கள் காட்டில் மழை. எழுபது வயசில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வைத்து 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், அந்தத் தள்ளுபடி ஆட்டோ சார்ஜுக்கே போய்விடும்.

புதிதாக யாரையும் தேட வேண்டாம். அரசு கையில் ஏற்கனவே மூன்று பட்டியல் இருக்கிறது.

முதலாவது, முதியோர் உதவித்தொகை பட்டியல். இதில் இருப்பவர்கள் ஆதரவு இல்லாதவர்கள் என்று வருவாய்த்துறையே விசாரித்துச் சேர்த்தது.

இரண்டாவது, 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா ரேசன் கார்டு பட்டியல். பரம ஏழைகள் என்று அரசே முத்திரை குத்திய குடும்பங்கள். சொந்த வீடு இருக்கு, மகன் இருக்கான் என்று காரணம் காட்டி உதவித்தொகை மறுக்கப்பட்டவர்களில் சிலராவது இதில் வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி பென்ஷன் பட்டியல். நெல்லை மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம். பீடி சுற்றியே காலத்தைக் கழித்த பெண்கள் இங்கே வீதிக்கு வீதி உண்டு. இந்தப் பென்ஷனில் குறைந்தபட்சம் மாதம் ரூ.1,000 என்று 2014-ல் வைத்தார்கள். ‘பென்ஷன்காரர்’ என்று பேர் இருப்பதால் மற்ற உதவிகளில் இவர்கள் கழித்துக்கட்டப்படுகிறார்கள். ஆனா கையில் வருவது ஆயிரம்தான்.

இந்த மூன்று பட்டியலில் ஒன்றில் பேர் இருக்கணும். வயது அறுபதைத் தாண்டியிருக்கணும். ஒரே வீடு, அதில் அவரே குடியிருக்கணும், வாடகைக்கு விட்டிருக்கக் கூடாது. இந்த நிபந்தனை போதும். விண்ணப்பமே வேண்டாம். 2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்டு இலவசம் என்று அறிவித்தபோது யாராவது மனு எழுதிக்கொண்டு போனார்களா? பில்லிலேயே கழிந்து வந்தது. அதே மாதிரி வரிச் சீட்டிலேயே கழிந்து வரணும்.

*பஞ்சாயத்து என்ன செய்யும்?*

இங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட முடியாது.

ஊராட்சிக்கு சொந்த வருமானம் என்று இருப்பதில் வீட்டு வரி முக்கியமானது. தெரு விளக்குக்கு பல்பு வாங்கணும், மோட்டார் ரிப்பேர் பார்க்கணும், சாக்கடை அள்ளணும். எல்லாரும் சலுகை கேட்டால் பஞ்சாயத்து கஜானா காலி. அப்புறம் அதே ஆச்சிதான் இருட்டில் தடுமாறி நடக்கணும்.

ஆனா தொகை எவ்வளவு? ஒரு பேச்சுக்கு, 1,000 வீடு உள்ள ஊராட்சியில் 100 வீட்டில் இந்த மாதிரி முதியவர்கள் இருக்கிறார்கள் என்று வைப்போம். வீட்டுக்கு வருசம் ரூ.200 தள்ளுபடி என்றால் மொத்தம் ரூ.20,000. மாநில அரசு இதை ஊராட்சிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஊருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. வசூலான வீட்டு வரிக்கு இணையாக மானியம் கொடுப்பது தமிழ்நாட்டில் முன்பே பழகின முறைதான். சலுகையை அறிவிப்பது கோட்டையில், இழப்பைத் தாங்குவது பஞ்சாயத்தில் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது.

நகரத்தில் தொகை கூடும். அங்கேயும் முழு ரத்து வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள முதியவர்களுக்கு வருசா வருச உயர்வை நிறுத்தி வைப்பது, தாமத வட்டியை நீக்குவது, நீள வீட்டுக்காரர்களுக்கும் 600 சதுர அடி வீட்டுக்கான விகிதத்தையே போடுவது. இந்த மூன்றைச் செய்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

*இப்போதைக்கு என்ன செய்யலாம்?*

அரசு உத்தரவு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

* வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தீர்வை ரசீது யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இறந்தவர் பேரில் இருந்தால், பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வருகிற கொடை, பொங்கல் சமயத்திலேயே வாரிசு சான்றிதழுக்கு வேண்டிய கையெழுத்துகளை வாங்கி வையுங்கள்.

* பின்கட்டு இடிந்துபோச்சு, வீட்டு அளவு குறைந்துபோச்சு என்றால் மறு அளவு கேட்டு மனு கொடுங்கள். இடிந்த அறைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுவர் போன தாமிரபரணி கரை வீடுகள் இதை முக்கியமாகப் பார்க்கணும்.

* பணம் கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீங்க. நோட்டில் எழுதிக்கொண்டோம் என்பது ரசீது ஆகாது. ஊராட்சி வரியை ஆன்லைனில் கட்டும் வசதியும் வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ அங்கிருந்தே கட்டலாம்.

* மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் ஏப்ரல், அக்டோபரைத் தவற விடாதீங்க. பிள்ளைகள் அந்த மாதம் மட்டும் கொஞ்சம் முன்னாடியே பணம் அனுப்பினால் 5 சதவீதம் மிச்சம், வட்டியும் இல்லை.

* கிராம சபைக் கூட்டம் வருசத்துக்கு 6 தடவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முதியோருக்கு வீட்டுத் தீர்வை சலுகை கேட்டு தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தால் மட்டும் வரி குறையாது. ஆனா தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கோரிக்கையை யாரும் ‘‘எங்களுக்குத் தெரியாது’’ என்று சொல்ல முடியாது. அதன் நகலை வைத்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம்.

தேர்தல் வந்தால் வயதானவர்களைத் தேடி வீட்டுக்கே வந்து ஓட்டுக் கேட்கிறார்கள். வாசல் தெரிகிறது, பேர் தெரிகிறது, வயது தெரிகிறது. அதே வீட்டுக்கு வரிச் சீட்டு அனுப்பும்போது மட்டும் சதுர அடி தவிர வேறு எதுவும் தெரியாமல் போய்விடுகிறது. மூன்று பட்டியலையும் வரிப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்க ஒரு அரசாணை போதும். அடுத்த கிராம சபையில் சீவலப்பேரி மாதிரி பத்து ஊர்கள் இதைத் தீர்மானமாகப் போட்டால், கோட்டையில் யாராவது ஒருவர் அதைப் படித்துத்தான் ஆகணும்.